ஜன்னல் வைத்த இருவர் அறை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் சிதம்பரம் சிட்னியிலிருந்து கூப்பிட்டான். அண்ணன் மகன். டிசம்பரில் அவனுக்கு விடுப்பு கிடைக்கும் போலிருக்கிறது. மதினி சிங்கப்பூர் வரை விமானத்தில் போய்விட்டால் அங்கே அவன் வந்து சேர்ந்துகொள்வான். தாயும் மகனும் சுற்றுலாக் கப்பலில் பினாங்குப் பக்கம் நான்கு நாள் போய்வருவார்கள். பிறகு அங்கிருந்தே அவளைச் சிட்னிக்குக் கூட்டிப்போய்விடுவான்.

"எவ்வளவு நாளைக்குப்பா?"

"மொதல்ல ஆறு மாசம் அத்த. அப்புறம் பாப்போம். பிடிச்சுதுன்னா இங்கயே இருக்கட்டுமே. நீங்களும் எத்தன நாளைக்குத்தான் அவங்களையும் பாத்துக்கிட்டு, வீட்டையும் பாத்துக்கிட்டு..."

நியாயமான பேச்சு. அண்ணன் போய் நான்கு வருஷம் ஆகிறது. பெற்ற பிள்ளை தாயைக் கூப்பிடுகிறான். குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்னையும் கப்பலுக்கு வரச் சொன்னான். டிசம்பரில் பருவத் தேர்வு, விடைத்தாள் திருத்தம் என்றேன். சரி என்று விட்டுவிட்டான். பதிவு செய்கிற வேலையை என்னிடம் ஒப்படைத்தான். "நீங்க செஞ்சா தப்பு வராது அத்த."

வேதியியல் ஆய்வகத்தில் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான்: கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. இந்த நாட்குறிப்புக்கும் அதே விதி.

கண்டது: மதினி ஃபோனை வாங்கிப் பேசி முடித்துவிட்டு அடுக்களைக்குப் போய், கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கப்பல் கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்தேன். சிக்கல் ஒன்றும் இல்லை. தேதி, அறை, பயணிகளின் பெயர், பாஸ்போர்ட் எண், கார்டு. காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நேரா இவங்ககிட்டயே போட்டுரலாம் மதினி. நடுவுல ஒரு ஆளு எதுக்கு?"

"ஆளு இல்லாம எப்படிட்டி? நாளைக்கு ஒண்ணுன்னா யாருட்ட போய்க் கேக்க? இந்தப் பெட்டிட்டயா?"

"உதவிக்கு நம்பர் குடுத்திருக்கான்."

"அது ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு உயிர வாங்கும். சமாதானபுரத்துல மீரான் தம்பிட்ட போய்க் கேப்போம். நம்ம தெரு லூர்து டீச்சர ரோமாபுரிக்குக் கூட்டிட்டுப் போனது அந்தத் தம்பிதான?"

"டீச்சர் பெட்டி துபாய்க்குப் போயிட்டே மதினி."

"பெட்டிதான போச்சு? டீச்சர் வந்துட்டாவல்லா!"

ஏஜென்டுக்குக் கம்பெனி கமிஷன் கொடுக்கிறது. ஆகவே அவர் சொல்வது எதுவும் பாரபட்சமற்ற தகவல் ஆகாது. இதை விளக்கினேன். மதினி கேட்டுவிட்டு, சனிக்கிழமை என்ன சேலை கட்டலாம் என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 9, சனி

மீரான் டிராவல்ஸ். மாடியில் ஒரு சின்ன அறை. கண்ணாடிக் கதவு. சுவரில் மக்காவும் வேளாங்கண்ணியும் ஒரு பனிமலையும் அடுத்தடுத்து. மீரானுக்கு நாற்பது வயதிருக்கும். வாய் ஓய்வதே இல்லை.

"வாங்கக்கா, வாங்க மேடம். கப்பலா? ரொம்ப நல்லது. ஏறுனா எறங்க மனசு வராது."

"நீங்க போயிருக்கியளா தம்பி?" என்றாள் மதினி.

"நானா? தாமிரபரணில பரிசல்ல ஏறினாலே எனக்குக் கொடலப் பொரட்டிரும்கா. நம்ம வேல ஏத்தி விடுறது மட்டுந்தான்."

நான் அவரிடம் நேராகவே கேட்டேன்: கம்பெனியில் போட்டால் ஒரு விலை, உங்களிடம் போட்டால் ஒரு விலையா? ஒரே விலைதான் என்றார். அப்படியென்றால் உங்களிடம் ஏன் போட வேண்டும்? "நாள மாத்தணும், பேர மாத்தணும்னா என் சட்டையப் பிடிக்கலாம்லா மேடம். அவன் சட்டைய எங்க போய்ப் பிடிப்பிய?" விளம்பர வாசகம். சிங்கப்பூர் விசாவை மட்டும் எப்படியும் ஏஜென்ட் வழியாகத்தான் எடுக்க வேண்டுமாம். அதை வீட்டுக்கு வந்து சரிபார்த்தேன். உண்மைதான்.

மதினி தன் சந்தேகங்களைத் தொடங்கினாள். சைவச் சாப்பாடு தனி அடுப்பிலா? அறையில் ஜன்னல் உண்டா? ஜன்னல் திறக்குமா?

"தொறக்காதுக்கா. தொறந்தா கடல் உள்ள வந்துரும்லா."

"தொறக்காத ஜன்னலு எதுக்குத் தம்பி?"

"பாக்கதுக்குத்தான்கா."

"பாக்கதுக்கா..." என்று அதை யோசித்தாள். பிறகு, ஜன்னல் வைத்ததே இருக்கட்டும் என்றாள்.

நான் சுவரிலிருந்த பனிமலைப் படத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மதினி பாஸ்போர்ட்டைக் கொடுத்து, மீரான் நகல் எடுத்துவிட்டார்.

வீடு திரும்புமுன் மதினிக்கு நெல்லையப்பர் கோயில். எனக்கு நம்பிக்கை இல்லை. வழக்கம்போல வெளியே நின்று இரண்டு பேர் செருப்பையும் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வந்தார். இணையதளத்தில் "இரண்டே அறைகள் மீதம்" என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. போன வாரமும் இரண்டே அறைகள்தான் மீதம் இருந்தன.

ஆகஸ்ட் 16, சனி

ஏஜென்டுகளைப் பற்றி நான் சொன்னது சரியாகப் போயிற்று.

மீரான் புதன்கிழமையே மதினியின் வாட்ஸ்அப்புக்கு விவரம் அனுப்பியிருக்கிறார். அவள் இன்றுதான் காட்டினாள். கப்பல் சரி, தேதி சரி, ஜன்னல் வைத்த இருவர் அறை. பயணிகள்: குழல்வாய்மொழி, சண்முகவடிவு. அதாவது மதினியும் நானும்.

எப்படி நேர்ந்தது என்று விசாரித்தேன். "கூட வாரவுக பேரு என்னக்கா?" என்று மீரான் கேட்டிருக்கிறார். பிள்ளைக்கு எங்கள் அப்பா பெயர். மாமனார் பெயரை மதினி வாயால் சொல்லமாட்டாள். பெற்ற மகனை இருபத்தெட்டு வருஷமாக ராசா என்றுதான் கூப்பிடுகிறாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கும் பெயரைச் சொன்னது நான்தான். அந்த வழக்கப்படி, நான் சொல்வேன் என்று என்னைத் திரும்பிப் பார்த்திருக்கிறாள். நான் பனிமலை நிபந்தனையில் இருந்தேன். மீரான் அவள் பார்வையைப் பார்த்து, ஓ, இவங்களா என்று நினைத்துவிட்டார். அவள் கொடுத்த பையில் என் பாஸ்போர்ட்டும் சேர்ந்தே இருந்தது. இரண்டும் சிதம்பரத்தின் பட்டமளிப்புக்குப் போக அண்ணன் எடுத்துக்கொடுத்தவை. அந்தப் பயணம் நடக்கவில்லை.

"புதன்கிழமையே வந்திருக்கு. தப்புன்னு ஏன் மதினி சொல்லல?"

"நீ பாத்துக்கிடுவேன்னு விட்டுட்டேன்."

மாலையில் போய்த் திருத்தச் சொன்னோம். மீரானுக்கு வெட்கம். "மன்னிச்சுக்கிடுங்க மேடம். ரெண்டு பேரும் சேந்தே வந்தியளா, சேந்தே போறியன்னு நெனச்சிட்டேன். அக்கா தங்கச்சியா நீங்க?"

"இல்ல தம்பி," என்றாள் மதினி. "எனக்கு மூணாவது முடிச்சு போட்டவ இவ."

மீரானுக்குப் புரியவில்லை. மதினி அவருக்குச் சாவகாசமாக விளக்கினாள். எங்களில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மூன்றாவதை அவர் உடன்பிறந்தவள் போட வேண்டும். அப்போது நான் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். "கை நடுங்கிட்டு. அவுந்துரக் கூடாதுன்னு இறுக்கினா பாருங்க தம்பி, ஒரு வாரத்துக்கு என் கழுத்துல தடம் கெடந்துது."

அன்னியரிடம் சொல்ல வேண்டிய விஷயமில்லை. மீரான் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பணம் திரும்பக் கிடைக்கும் விதிகளைப் பற்றிக் கேட்டேன்.

அங்கேயே பக்கத்து ஓட்டலில் நெய் ரோஸ்ட். மதினி காபியை மெதுவாகக் குடிப்பவள். இன்று இன்னும் மெதுவாகக் குடித்தாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மதினி பின்பக்கம் முருங்கைப் போத்து ஒன்று ஊன்றியிருக்கிறாள். காய்க்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் என்றாள். பறிப்பது யார் என்று கேட்கவில்லை.

சாயங்காலம், "வாட்டி, சொதி வைக்கப் படிச்சுக்கோ," என்று கூப்பிட்டாள். "தேங்காயில எடுத்த முத பால எப்ப ஊத்தணும்னு மட்டும் பாத்துக்கோ, மத்தது வந்துரும்." வேண்டாம் என்றேன். சொதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

இரவு சொதியும் இஞ்சித் துவையலும். மூன்று தரம் ஊற்றிக்கொண்டேன். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கம்பெனி இணையதளத்தில் நானே பதிவு செய்ய உட்கார்ந்தேன். ரத்து விதிகளை முழுதும் படித்துவிட்டுச் செய்வதே முறை என்று தோன்றியது. பெரிய ஆவணம். பாதிவரை படித்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

மீதிப் பாதி. புயல் வந்தால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போகலாம், பொறுப்பேற்கமாட்டார்கள். காப்பீடு பற்றித் தனி ஆவணம் இருக்கிறது. அதையும் படிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி

மறுபடியும் மீரான். மதினிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கப்பலில் விபூதி பூசிக்கொள்ளலாமா? குளிக்க வெந்நீர் வருமா, வாளி இருக்குமா? போன தடவை கேட்டதையும் திரும்பக் கேட்டாள்.

"அக்கா," என்றார் மீரான், "எங்க உம்மாவ ஹஜ்ஜுக்கு அனுப்பயில கூட இவ்ளோ கேள்வி இல்லக்கா."

"கேட்டாத்தான தம்பி தெரியும்?"

"கேளுங்க, கேளுங்க. அறையப் பிடிச்சு வச்சிருக்கேன். இந்த வாரமும் கேட்டு வாங்கி நிறுத்திருதேன். ஆனா எத்தன வாரந்தான் அவன் சும்மா தருவான்?"

"இன்னும் ஒரு வாரம் நிறுத்துங்க. இவளும் இன்னும் படிச்சு முடிக்கல."

படியிறங்கும்போது நான் கோபித்துக்கொண்டேன். "போறதுன்னா போறது மதினி. இப்படி இழுத்துக்கிட்டே இருந்தா எப்படி?"

"நீதான் காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிரலாம்னே. முடிக்க வேண்டியதுதான?"

"காப்பீட்டு விதி இருக்கு. படிக்கணும்."

"படி," என்றாள். "யாரு வேண்டாம்னா?"

நெய் ரோஸ்ட் சாப்பிடவில்லை. நேரே வீட்டுக்கு வந்தோம்.

இது மதினியின் சுபாவம் என்று குறித்துக்கொள்கிறேன். முடிவெடுக்கத் தெரியாது. ஒரு சேலை எடுக்க நான்கு கடை ஏறுவாள்.

செப்டம்பர் 2, செவ்வாய்

சிதம்பரம் பேசினான். விடுப்பு உறுதியாகிவிட்டதாம். அம்மாவுக்கென்று வீட்டில் ஓர் அறையைச் சரிசெய்து வைத்திருக்கிறான். சாமி படம் மாட்ட ஆணிகூட அடித்துவிட்டான். வீடியோவில் காட்டினான். சுவர் நல்ல வெளிர்மஞ்சள். ஜன்னல் திறக்கும். திறந்து மூடிக் காட்டினான்.

"இன்னுமா அத்த போடல? வியாழக்கிழமைக்குள்ள முடிச்சிருங்க."

நல்ல பிள்ளை. இவனுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது நான்.

வீட்டைக் கணக்கிட்டுப் பார்த்தேன். மாடியைப் பூட்டிவிடலாம். கீழே ஓர் அறை எனக்குப் போதும். ஒரு ஆளுக்குச் சமையல் பெரிய வேலையில்லை. சமாளித்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 4, வியாழன்

பதிவு செய்துவிட்டேன். நேரடியாக, கம்பெனியின் இணையதளத்தில். ஏஜென்ட் யாரும் நடுவில் இல்லை. ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தினேன். மதினி அப்போது வாசலில் கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சொன்னேன். "சரிட்டி," என்றாள். தண்டங்கீரைக்குப் பதிலாக அரைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தாள். அரைக்கீரை நேற்றுத்தான் வைத்தோம்.

செப்டம்பர் 5, வெள்ளி

ஆசிரியர் தினம். பிள்ளைகள் ரோஜாப்பூவும் பேனாவும் கொடுத்தார்கள். ரோஜா வாடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

கல்லூரியில் பயணச்சீட்டை அச்செடுத்து, உறையில் போட்டுக்கொண்டு வந்து மதினியிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். பிறகு காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன மதினி, ஏதும் தப்பா இருக்கா?"

"தப்பா இல்ல," என்றாள். "உம் பேரு இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். பயணி ஒன்று: குழல்வாய்மொழி. பயணி இரண்டு: சண்முகவடிவு.

இது எப்படி நேர்ந்திருக்கும் என்று ஆராய்ந்தேன். பல வருஷமாக ரயிலுக்கும் பேருந்துக்கும் நான்தான் பதிவு செய்கிறேன். முதலில் மதினி பெயர், அடுத்து என் பெயர். விரல்களுக்கு அது பழகிவிட்டது. கவனப் பிழை. இதற்கு வேறு பொருள் இல்லை. மதினியிடமும் அதையே சொன்னேன்.

"பழக்கத்துல வந்துட்டா?"

"ஆமா மதினி."

"பேரு பழக்கத்துல வந்துட்டு, சரி. பாஸ்போர்ட் நம்பரு? அதுவுமா பழக்கத்துல வந்துட்டு?"

பீரோவைத் திறந்து, பையை எடுத்து, என் பாஸ்போர்ட்டைப் பிரித்து, எண்ணைப் பார்த்து எழுதியவள் நான்தான். காலாவதித் தேதியையும் எழுதியிருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தும் இருக்கிறேன்.

மதினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் எதுக்கு வாராவாரம் போய் அந்தத் தம்பி உயிர வாங்கினேன்னு நெனச்ச? வாளி இருக்கான்னு கேக்கவா? போயிட்டு வார வரைக்கும் இன்னும் முடியல, முடியலன்னு ஒரு நிம்மதி. நீ ஒரு வார்த்த சொல்லுவேன்னு பாத்தேன். போகாதிய மதினின்னு. நீ காப்பீட்டு விதி படிச்சிட்டிருக்க."

"நான் எப்படிச் சொல்ல? அவன் நீங்க பெத்த பிள்ள."

"அப்ப நீ யாரு?"

குக்கர் விசில் அடித்தது. அணைக்கப் போனேன். அணைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். மதினியும் வந்து, பக்கத்தில் நின்று, கீரையைக் கடைய ஆரம்பித்தாள்.

சாயங்காலம் உதவி எண்ணை அழைத்தேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு. கடைசியில் ஒரு பெண் வந்தாள். சலுகைக் கட்டணத்தில் பதிவு செய்த சீட்டில் பெயர் மாற்றம் கிடையாது. ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும். விதிகளில் தெளிவாக எழுதியிருக்கிறது, படிக்கவில்லையா மேடம் என்றாள்.

படித்திருக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

மீரான் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் சிரிக்காமல் இருக்க முயன்றார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும்.

"மேடம், இதத்தான நான் அன்னைக்கே போட்டு அனுப்பினேன்?"

"பேரை மாத்த முடியுமா?"

"என்கிட்ட போட்டிருந்தா எப்படியாவது மாத்தித் தந்திருப்பேன். நேரடியாப் போட்டதுல நான் கை வைக்க முடியாது. அவன் சட்டையத்தான் பிடிக்கணும்."

"மாத்த வேண்டாம்," என்றாள் மதினி.

நானும் அவரும் திரும்பிப் பார்த்தோம். மதினி கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, எங்கள் முன்னாலேயே மகனைக் கூப்பிட்டாள். திரையில் சிதம்பரம் கார் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்திருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"ராசா, கப்பலுக்கு நானும் அத்தையும் போறோம். சீட்டு அப்படி அமைஞ்சுட்டு. பெறவு ரெண்டு பேருமா ஒங்க வீட்டுக்கு வாரோம். ஒரு மாசம் இருப்போம். நீ ஆணி அடிச்சு வச்ச ரூம்ல ரெண்டு பேருக்கும் எடம் இருக்கும்லா?"

"ஒரு மாசமாம்மா? நீ இங்கயே இருக்கப் போறன்னுதான நான்..."

"தெரியும்டா. நீ கூப்பிட்டதே எனக்கு வயிறு நெறஞ்சுட்டு. வருசத்துக்கு ஒரு தரம் வாரேன், நீயும் வா. ஆனா என் வீடு பாளையங்கோட்டையிலதான் இருக்கு ராசா."

வண்டிக்குள் ஏதோ டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"அத்த பக்கத்துல இருக்காங்களா?"

ஃபோன் என்னிடம் வந்தது. அவன் முகம் அண்ணனுடையதுதான். கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். காது சிவந்திருந்தது.

"அத்த, உண்மையச் சொல்லுங்க. தப்பாப் போட்டீங்களா, வேணும்னு போட்டீங்களா?"

ஆய்வகத்தில் ஒரு பிள்ளை இப்படிக் கேட்டால், அளந்த எண் இதுதான், காரணம் தெரியவில்லை என்று எழுதச் சொல்வேன். அவனிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"தெரியலப்பா," என்றேன். பிறகு, "எனக்கு அவங்க இல்லாம இருக்கத் தெரியாது," என்றேன். மீரான் எழுந்து, வேலை இருப்பதுபோல அந்தச் சின்ன அறையின் கோடிக்குப் போய் மக்கா படத்தை நேராக்கினார். அது நேராகத்தான் இருந்தது.

சிதம்பரம் மூக்கை உறிஞ்சினான். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல அத்த. அம்மாவப் பாத்துக்கிறது ஒங்களுக்குப் பாரமா இருக்கும்னுல்ல நெனச்சேன்." காது மெல்ல வெளுத்தது. "கட்டில் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கிப் போடுறேன். குறட்டை விடுறது யாருன்னு மட்டும் சொல்லுங்க."

"அத்ததான்," என்றாள் மதினி பின்னாலிருந்து.

இது உண்மைக்கு மாறானது.

ஃபோனை வைத்ததும் மீரான் வந்து உட்கார்ந்தார். விசா இரண்டு பேருக்கு. விமானம் மதுரையிலிருந்து. "அக்காவுக்கு ஒன்வேதான போட்டு வச்சிருந்தோம்?"

"ரிட்டர்ன் போடுங்க தம்பி. ரெண்டு பேருக்கும். பக்கத்துப் பக்கத்து சீட்டா."

விமானச் சீட்டை நேரடியாகப் போட்டால் கொஞ்சம் மலிவு என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பக்கத்து ஓட்டலில் நெய் ரோஸ்ட். மதினி காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டாள்.

செப்டம்பர் 15, திங்கள்

ஒன்றரை மாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். முதல்வர் இரண்டு முறை படித்தார். "நீங்களா லீவு கேக்குறீங்க? வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

நன்றாக இருக்கிறோம் என்றேன்.

அக்டோபர் 11, சனி

சொதி வைக்கக் கற்றுக்கொண்டேன். முதல் பாலை அவசரப்பட்டு ஊற்றியதில் திரிந்துவிட்டது. மதினி சாப்பிட்டாள். "கெமிஸ்ட்ரி படிச்சவ வச்ச சொதி," என்று லூர்து டீச்சருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.

முருங்கைப் போத்து துளிர் விட்டிருக்கிறது.

டிசம்பர் 20, சனி, கப்பல்

ஜன்னல் திறக்காது. ஆனால் பெரியது. வந்ததிலிருந்து மதினி அதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்து, "எம்மாடி, எத்தன ஒட்டகச்சிவிங்கி!" என்றாள். வாளி இல்லை. ஆனால் பல் துலக்கும் டம்ளர் பெரிதாக இருக்கிறது, சமாளிப்போம் என்கிறாள்.

கப்பல் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் மேல்தளத்துக்கு அழைத்தார்கள். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எப்படிப் போட வேண்டும் என்று ஒரு பிலிப்பைன்ஸ் பையன் செய்து காட்டினான். இது கட்டாயம் என்று விதிகளில் படித்திருக்கிறேன். மதினிக்குக் கொடுத்த சட்டை சேலைக்கு மேல் உப்பிக்கொண்டு நின்றது. இடுப்புக் கொக்கிகள் இரண்டையும் அவளே மாட்டிக்கொண்டாள். கழுத்துக்குக் கீழே ஒரு நாடா இருந்தது. அதை முடிச்சுப் போட்டுக் கட்ட வேண்டும். அவளால் குனிந்து பார்க்க முடியவில்லை. சட்டை முகவாயில் இடித்தது.

"நீ போடுட்டி," என்றாள்.

போட்டேன். காற்று பலமாக இருந்ததால் கை நடுங்கியது. அவிழ்ந்துவிடக் கூடாதே என்று இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்தேன்.

மதினி என் கையின் மேல் கையை வைத்தாள்.

"இறுக்காதட்டி. நான் எங்க போவப் போறேன்?"